ஹாஸ்டல் கோர்ட்: மாணவர்களே விசாரித்து, மாணவர்களே தண்டிக்கலாமா?

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்த்தவர்களுக்கு காரியவட்டம் புதுசு இல்லை. அங்கிருக்கும் அரசுக் கல்லூரியில் 2025 பிப்ரவரியில் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் முதல்வரிடம் புகார் கொடுத்தார். சீனியர்கள் தன்னை ஓர் அறைக்குள் கொண்டுபோய் அடித்தார்கள் என்பதுதான் புகார். ராகிங் தடுப்புக் குழு விசாரித்து, நடந்தது ராகிங்தான் என்று உறுதிசெய்தது. 7 மாணவர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

‘இன்னொரு ராகிங் செய்தி’ என்று நீங்கள் ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், கேரளாவில் சில ஆண்டுகளாக வெளிவந்த வழக்குகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். சிலவற்றில் சீனியர்கள் வெறும் கேலிக்காகக் கை வைக்கவில்லை. அவர்களே புகார் வாங்கி, அவர்களே விசாரித்து, அவர்களே தண்டனையும் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு.

“போலீஸ், பிரின்சிபல் எல்லாம் எதுக்கு? நமக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்.” ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர் என்றால் இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இதற்கு என்ன விலை, இதை எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம்.

சித்தார்த்தன் வழக்கில் என்ன நடந்தது?

ஜே.எஸ்.சித்தார்த்தன், திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காட்டைச் சேர்ந்தவர். வயநாடு மாவட்டம் பூக்கோட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தார். 2024 பிப்ரவரி 18 அன்று ஹாஸ்டலில் இறந்து கிடந்தார்.

அதற்கு முந்தைய நாள்களில் நடந்ததாக போலீஸ் நீதிமன்றத்தில் சொன்ன விவரம் இது. சித்தார்த்தன்மீது மாணவர்களிடையே ஒரு புகார் எழுந்தது. ஊருக்குக் கிளம்பி எர்ணாகுளம்வரை போய்விட்டவரை போனில் திரும்ப வரச் சொன்னார்கள். போலீஸுக்குப் போனால் வழக்காகிவிடும், ஹாஸ்டலின் ‘எழுதப்படாத சட்டப்படி’ இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட காரணம். பிப்ரவரி 16 இரவு 9 மணிக்குத் தொடங்கிய ‘விசாரணை’, நள்ளிரவு தாண்டி 2 மணிவரை நீண்டது. பெல்ட்டாலும் கேபிள் வயராலும் அடித்ததாகக் குற்றச்சாட்டு.

குற்றம் சாட்டப்பட்டவர்களில் கல்லூரி யூனியன் தலைவரும் ஒருவர். அதாவது, மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். துணைவேந்தரை ஆளுநர் சஸ்பெண்ட் செய்தார். டீனும் உதவி வார்டனும் சஸ்பெண்ட் ஆனார்கள். வழக்கு சிபிஐக்குப் போனது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால், ஒரு ஹாஸ்டலுக்குள் இன்னொரு ‘கோர்ட்’ நடந்ததாகச் சொல்லப்படுவதும், அது நிர்வாகத்துக்குத் தெரியாமல்போனதும் தனியாக யோசிக்க வேண்டிய விஷயம்.

இது முதல்முறையா?

இல்லை. திருவனந்தபுரத்தின் யூனிவர்சிட்டி கல்லூரி, தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே 2019 ஜூலையில் ஒரு மாணவர் கத்தியால் குத்தப்பட்டார். கைதானவர்களில் எஸ்.எஃப்.ஐ கல்லூரிக் கிளையின் நிர்வாகிகளும் இருந்தார்கள். குத்தப்பட்டவரும் அதே அமைப்பைச் சேர்ந்தவர்தான். எஸ்.எஃப்.ஐ அந்தக் கிளையையே கலைத்தது.

அப்போதுதான் ‘இடிமுறி’ என்ற மலையாள வார்த்தை செய்திகளில் அதிகம் அடிபட்டது. ‘இடி’ என்றால் அடி; ‘முறி’ என்றால் அறை. சொல்பேச்சு கேட்காத மாணவர்களைக் கூட்டிப்போய் ‘திருத்தும்’ அறை. முன்னாள் நீதிபதி பி.கே.சம்சுதீன் தலைமையிலான தனியார் விசாரணைக் குழு, இத்தகைய அறைகள் வேறு சில கல்லூரிகளிலும் இருப்பதாக அதே ஆண்டு சொன்னது.

ஒரே ஓர் அமைப்பின் பிரச்சினை என்று இதைச் சுருக்க முடியாது. எந்தக் கொடி பறந்தாலும், போட்டியே இல்லாமல் ஒரே கூட்டம் ஆளும் வளாகத்தில் இதே ஆபத்து இருக்கிறது. கொடியே இல்லாத ஹாஸ்டல்களில் ‘சீனியர் பேட்ச்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த நாவரசு கொலை தமிழ்நாட்டையே உலுக்கியது. 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கேரளா 1998-ல். கேரளச் சட்டப்படி ராகிங் செய்தால் 2 ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். புகார் வந்தால் கல்லூரித் தலைவர் 7 நாள்களுக்குள் விசாரிக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் அவரும் குற்றத்துக்குத் துணைபோனவராகவே கருதப்படுவார்.

யுஜிசியின் 2009 விதிகள் இன்னும் விரிவானவை. ராகிங் தடுப்புக் குழுவில் ஆசிரியர்கள், பெற்றோர், போலீஸ், உள்ளூர் ஊடகம் ஆகியோரோடு முதலாம் ஆண்டு மாணவர்களும் சீனியர்களும் இருக்க வேண்டும். கிரிமினல் குற்றம் என்று தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் எஃப்ஐஆர். பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவிலும், பிரச்சினை மாணவர்கள் சம்பந்தப்பட்டது என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட 3 மாணவர்கள் உட்கார வேண்டும் என்கிறது 2015 விதி.

ஆக, ஒழுங்கு விசாரணையில் மாணவர்களுக்கு இடமே கிடையாது என்று சட்டம் சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்து தீர்ப்பு எழுதும் அதிகாரத்தைத்தான் அது தரவில்லை.

திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஒரு வழக்கு

யூனியன் தேர்தலை எப்படி நடத்துவது என்று கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் கல்லூரி முதல்வர்கள் கவுன்சிலுக்கும் இடையே வந்த தகராறு உச்ச நீதிமன்றம்வரை போனது. அதிலிருந்துதான் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ கமிட்டி பிறந்தது. 2006 செப்டம்பரில் அதன் பரிந்துரைகளை நீதிமன்றம் ஏற்றது. ராகிங் பற்றி ஆராய்ந்த, முன்னாள் சிபிஐ இயக்குநர் ஆர்.கே.ராகவன் கமிட்டியும் இதே வழக்கின் தொடர்ச்சிதான். அதன் அறிக்கை 2007-ல் வந்தது.

லிங்டோ பரிந்துரைகளில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. தேர்தல் புகார்களை விசாரிக்க ஒரு குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்கிறது. அதில் ஆசிரியர், நிர்வாக அதிகாரி ஆகியோருடன் இறுதியாண்டு மாணவர் ஒருவரும் மாணவி ஒருவரும் இருப்பார்கள். குழுவில் இருப்பவர் புகார் கொடுக்கக் கூடாது. குழுவின் முடிவை எதிர்த்து நிறுவனத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

புகார் சொல்பவரே நீதிபதி ஆகக் கூடாது, முடிவை எதிர்த்துப் போக ஒரு வழி வேண்டும். சாதாரணமாகத் தெரியும் இந்த இரண்டும்தான் ‘ஹாஸ்டல் கோர்ட்டில்’ இருப்பதே இல்லை.

மாணவர்களே நடத்தும் அமைப்பு எங்காவது உருப்படியாக இயங்குகிறதா?

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 1842-லிருந்து ‘ஹானர்’ முறை இருக்கிறது. பொய், தேர்வில் ஏமாற்று, திருட்டு ஆகிய புகார்களை மாணவர்களே விசாரிக்கிறார்கள். ஆனால், எல்லாமே எழுதப்பட்ட விதிப்படிதான்: குற்றச்சாட்டு எழுத்தில் வரும், பதில் சொல்ல வாய்ப்பு உண்டு, மேல்முறையீடும் உண்டு.

அதிலும் குறை இல்லாமல் இல்லை. ரொம்ப காலமாக அங்கே குற்றம் உறுதியானால் ஒரே தண்டனைதான்: நிரந்தர நீக்கம். சின்னத் தப்புக்கும் இதே தண்டனையா, இப்படி இருந்தால் யார் புகார் கொடுக்க வருவார்கள் என்ற கேள்விகள் எழுந்தன. 2022-ல் மாணவர்களே வாக்கெடுப்பு நடத்தி, 80 சதவீதத்துக்கும் மேல் ஆதரவுடன், நீக்கத்துக்குப் பதிலாக இரண்டு செமஸ்டர் விலகி இருக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு, குற்றத்துக்கு ஏற்ப வெவ்வேறு தண்டனை என்று மறுபடி மாற்றினார்கள். எழுதி வைத்த விதி என்பதால்தான் அதைத் திருத்தவும் முடிந்தது. எழுதப்படாத சட்டத்தை யார் எப்படித் திருத்துவது?

அப்படியானால் எல்லாவற்றையும் நிர்வாகத்திடமே விட்டுவிடலாமே?

நியாயமான கேள்விதான். ஆனால், நிர்வாகமும் தடுக்கி விழுகிறது. சித்தார்த்தன் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மாணவர்கள் படிப்பைத் தொடர பல்கலைக்கழகம் தடை போட்டது. தங்கள் தரப்பைச் சொல்ல அவர்களுக்கு முறையான வாய்ப்பு தரவில்லை என்று 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. திரும்ப விசாரித்த பிறகு, 2025-ல் 19 மாணவர்கள் நீக்கப்பட்டார்கள். நடைமுறையில் ஒரு படியைத் தாண்டியதால், மகனை இழந்த குடும்பம் மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, இரவு 2 மணிக்கு ஹாஸ்டலில் என்ன நடக்கிறது என்பது பக்கத்து அறை மாணவருக்குத்தான் முதலில் தெரியும். அவரை விலக்கிவிட்டு எந்தக் குழு போட்டாலும் அது பேப்பரில்தான் இருக்கும்.

2025 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம், 1998 சட்டத்தை வலுப்படுத்தவும் அதற்கான விதிகளை உருவாக்கவும் அரசைக் கேட்டுக்கொண்டது. அந்த வேலையோடு சேர்த்து, வளாகங்களுக்குள் என்ன மாறலாம்?

* எல்லை: அடிதடி, மிரட்டல், பாலியல் புகார் எதையும் மாணவர் அமைப்பு தொடக் கூடாது. அவை நேராகப் போலீஸுக்கும் உரிய குழுவுக்கும் போக வேண்டும். மெஸ் தகராறு, இரவு சத்தம், அறைச் சண்டை போன்றவற்றில் மாணவர்கள் சமரசம் பேசலாம்.
* பிரிவினை: புகார் வாங்குபவர், விசாரிப்பவர், முடிவெடுப்பவர் மூவரும் வேறு வேறு ஆள்களாக இருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவரின் நண்பரோ, அதே அமைப்பின் நிர்வாகியோ என்றால் விலகிக்கொள்ள வேண்டும்.
* ஜூனியருக்கு இடம்: முதலாம் ஆண்டுப் பிரதிநிதியை யூனியன் நியமிக்கக் கூடாது, ரகசிய வாக்கெடுப்பில் ஜூனியர்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.
* எழுத்து: நோட்டீஸ், பதில் சொல்ல அவகாசம், காரணத்தோடு முடிவு, மேல்முறையீடு. நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.
* வெளிப்படை: எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்பதைப் பெயர் இல்லாமல் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் தம்பியோ தங்கையோ அடுத்த ஆண்டு ஹாஸ்டலில் சேரப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபீஸ், பிளேஸ்மென்ட் எல்லாம் விசாரிப்பீர்கள். கூடவே மூன்று கேள்வி கேளுங்கள். ராகிங் தடுப்புக் குழுவில் இப்போது இருக்கும் முதலாம் ஆண்டு மாணவர் யார்? வார்டன் ஹாஸ்டலிலேயே தங்குகிறாரா? போன வருடம் எத்தனை புகார் வந்தது? பதில் சொல்லத் திணறினால் அதுவும் ஒரு பதில்தான்.

யுஜிசியின் ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை. அதைத் தம்பி, தங்கையின் போனில் சேமித்துக் கொடுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவையுங்கள்: “பேசி முடிச்சுக்கலாம், திரும்பி வா” என்று யாராவது கூப்பிட்டால், தனியாகப் போகக் கூடாது. முதலில் வீட்டுக்கு ஒரு போன்.