சிதம்பரத்தில் இயன்முறை மருத்துவக் கல்வி

பக்கவாதம், எலும்பு முறிவு முதலியவற்றால் இயக்கம் குன்றியோரைப் பயிற்சியால் மீட்பது இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி). அன்றாட வேலைகளைத் தாமே செய்ய அவர்களைப் பழக்குவது செயல்முறை மருத்துவம் (ஆக்குபேஷனல் தெரபி). இந்தியாவில் இவ்விரு துறைகளுக்குமான முறையான கல்வி 1950களில் மும்பையில் தொடங்கியது. 1966இல் வேலூரில், டாக்டர் மேரி வர்கீசின் முயற்சியால், மறுவாழ்வு நிலையம் ஒன்று உருவானது.

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் (1929) 1985இல் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கியது. பி.பி.டி. என்னும் இயன்முறை மருத்துவ இளநிலைப் படிப்பு இக்கல்லூரியைச் சார்ந்து நடைபெறுகிறது. நான்காண்டுப் படிப்புக்குப் பின் மருத்துவமனைப் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் பட்டம் பெற்ற பிறகே இத்துறைக்குள் நுழைய முடியும். இங்கு பிளஸ் 2 முடித்தவுடன் சேரலாம். எனவே இத்தொழிலுக்கு வருவது பற்றிப் பள்ளி முடிக்கும் வயதிலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

2013இல் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்ற பின்னரும் மருத்துவக் கல்லூரியில் உயர்ந்த கட்டணமே நீடித்தது. அதை எதிர்த்து மாணவர்கள் நீண்ட போராட்டம் நடத்தினர். 2021 சனவரியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. மருத்துவப் படிப்புக் கட்டணமும் பிற அரசுக் கல்லூரிகளுக்கு இணையாக்கப்பட்டது. சிதம்பரத்திலேயே இயங்கினாலும், இன்று அதன் பெயர் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி.