மைனஸ் ஒன்

என் தாத்தா ஸ்ரீவைகுண்டம் வடகாலில் நீர்பாய்ச்சி. மடைப்பலகையைத் தூக்கச் சொல்லி யார் வந்தாலும் முறை யாருடையது என்று கேட்பார். பதில் தெளிவாக இல்லையென்றால் பலகையில் கை வைக்கமாட்டார். "விவரம் தெரியல்லன்னா மூடியே கிடக்கட்டும்டே" என்பார். சென்னையில் டைப்செட்டிங் வேலையில் பல வருடம் கழித்த பிறகு, 2019-ல் ஒரு நிரலைப் படிக்கும்போது அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

வெளிநாட்டு அறிவியல் இதழ்களின் கட்டுரைகளை எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவில் ஆக்கி, ஒரே கோப்பிலிருந்து இணையப் பக்கமும் அச்சுப் பக்கமும் எடுத்துத் தருவது எங்கள் தொழில். சென்னையிலும் புதுச்சேரியிலும் ஆயிரக்கணக்கானோர் இதில் பிழைத்தோம். எந்தத் தலைப்பு எங்கே வர வேண்டும், எந்த அடிக்குறிப்பு எந்த எண் பெற வேண்டும் என்று விதி எழுதும் மொழி எக்ஸ்எஸ்எல்டி. ஜேம்ஸ் கிளார்க் தொகுத்த அதன் முதல் பதிப்பை 1999 நவம்பரில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்டது. அந்த விதிகளை ஓட்டிக் காட்டும் இலவச நிரல் தொகுதிதான் லிப்எக்ஸ்எஸ்எல்டி. டேனியல் வேயார் 2001-ல் க்னோம் என்ற திறமூலத் திட்டத்துக்காக எழுதியது. பிஎச்பி, பைத்தானின் எல்எக்ஸ்எம்எல், ரூபியின் நோகோகிரி, குரோம், சஃபாரி உலாவிகள் எல்லாம் இந்த ஒரே கால்வாயில் தண்ணீர் எடுத்தவைதான்.

அதன் பதிப்பு எண்கள் மெதுவாகவே நகர்ந்தன. 2003-லேயே 1.1 வந்துவிட்டது. 2012 நவம்பரில் 1.1.28. அடுத்ததான 1.1.29 வர 2016 மே ஆகிவிட்டது. அந்த மூன்றரை வருடமும் நாங்கள் அதை முதிர்ச்சி என்றே நினைத்தோம். வேலை செய்ய ஆள் இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எக்ஸ்எஸ்எல்டியில் எழுதும் விதிக் கோப்பான ஸ்டைல்ஷீட் வெறும் அலங்கார விதி அல்ல. வேறு கோப்பைத் திறந்து படிக்கும், புதிதாக எழுதும், வலையிலிருந்தும் இழுக்கும். அதனால் உள்ளே ஒரு காவல் உண்டு. ஒரு முகவரியைக் கொடுத்துப் படிக்கலாமா என்று கேட்டால், அனுமதி என்றால் 1, மறுப்பு என்றால் 0, முகவரியே புரியாமல் குழம்பினால் மைனஸ் 1 என்று பதில் வரும். கேட்ட இடங்களிலோ, பதில் 0 என்றால் மட்டும் நிறுத்து என்று எழுதியிருந்தார்கள். மைனஸ் 1 வந்தால் கதவு திறந்துவிடும். காவல்காரனைக் குழப்பும்படி முகவரியைக் கோணலாக எழுதினால் போதும், பின்னால் வரும் பகுதி அதைத் திறந்து படித்துவிடும். பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் சிவிஇ-2019-11068 என்று எண் பெற்ற ஓட்டை இது. 1.1.33 வரை எல்லாப் பதிப்பிலும் இருந்தது. பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் நிறுத்து என்று மாற்றியதுதான் திருத்தம். 2019 அக்டோபரில் 1.1.34-ல் வந்தது.

அப்போது நான் இருந்த நிறுவனத்தின் சர்வரில் 1.1.28. வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்டைல்ஷீட்டை அப்படியே ஓட்டுவோம். பதிப்பை மாற்றலாமா என்று கேட்டதற்கு, ஓடுவதைத் தொடாதே என்று பதில் வந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 போன்ற இயங்குதளங்கள் 1.1.28 என்ற எண்ணை மாற்றாமலே உள்ளே ஒட்டுப் போடும். இந்த ஓட்டைக்கு அங்கே 2020-ல்தான் ஒட்டு வந்தது. எண்ணை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பதை அப்படித்தான் கற்றேன்.

2025 மார்ச்சில் 1.1.43 வந்தது, இரண்டு திருத்தங்களோடு. விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் பிழைகளுக்கானவை அவை. குத்தகை மாறிய வயலில் பழைய ஆள் அறுப்புக்கு இறங்கினால் எப்படி, அப்படி. அந்தப் பிழைகளைக் கண்டுபிடித்தது கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான பிராஜெக்ட் ஸீரோ. சரிசெய்ய வேண்டியிருந்தவர் நிக் வெல்ன்ஹோஃபர். சம்பளமில்லாமல் தன் நேரத்தில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருட நடுவில் அவர் லிப்எக்ஸ்எஸ்எல்டி பொறுப்பிலிருந்து விலகினார். அதே சமயம் வெளிவந்த இன்னும் இரண்டு ஓட்டைகளுக்குத் திருத்தம் இல்லாமலே இருந்தது. எக்ஸ்எஸ்எல்டி ஆதரவையே எடுத்துவிடுவதாகக் குரோம் அறிவித்தது.

அவர் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. எங்கள் ஊரிலும் இதே கதைதான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி. கோரம்பள்ளம் குளம் வரை வடகால் போகிறது. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கென்றே நாளொன்றுக்கு 2 கோடி காலன் எடுக்கும் திட்டம் இருந்தது. அணைக்கு உள்ளேயோ வண்டலும் சீமைக்கருவேலமும். பல பத்தாண்டுக் கோரிக்கைக்கும் வழக்குக்கும் பிறகு 2015-ல்தான் தூர்வாரத் தொடங்கினார்கள். தாத்தா காலத்தில் தண்ணீர் எடுத்தவன் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும், ஆள் வராத வீடு கூலி கொடுக்க வேண்டும். வெல்ன்ஹோஃபரிடம் மண்வெட்டியோடு போனவர்கள் மிகச் சிலர். பிழைப் பட்டியலோடு போனவர்கள்தான் அதிகம். நானும் இருபது வருடம் எடுத்தேன், ஒரு வரி கொடுத்ததில்லை.

இப்போது ஊரிலிருந்தே வேலை. நான் எழுதிய பழைய ஸ்டைல்ஷீட்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கோப்பைப் படிக்கவும் எழுதவும் வலைக்குப் போகவும் உள்ள அனுமதிகளை மூடி ஓட்டிப் பார்க்கிறேன். உடைபவற்றைத் தனியே எடுத்துவைக்கிறேன். நேற்றோடு முப்பத்தொன்று முடிந்தது. நான்கு உடைந்திருக்கின்றன.