ஒரே மேடை, பல நாடகங்கள்



எங்கள் திருக்கோகர்ணத்துக் குடைவரைக் கோயிலை உங்களிற் சிலர் கண்டிருக்கலாம். அது குன்றோடு ஒன்றாய்க் குடைந்தெடுக்கப்பட்டது. அதன் தூண் ஒன்றைப் பெயர்த்து வேறோர் ஊரில் நிறுத்த இயலாது. திருவிழா நாடக மேடையோ அத்தகையதன்று. இன்று வள்ளி திருமணம், நாளை அரிச்சந்திரன். கதை மாறும், வேடம் மாறும். மேடையும் விளக்கும் திரை இழுக்கும் கயிறும் மாறா. கணினி விளையாட்டுகளின் வரலாறும் குடைவரையிலிருந்து மேடைக்கு வந்த வரலாறே எனலாம்.

தொடக்க கால விளையாட்டுகள் பலவற்றில், படம் வரையும் முறையும் கதையும் ஒரே நிரலுக்குள் பின்னிக் கிடந்தன. அடுத்த விளையாட்டுக்குப் பெரும்பகுதியை மீண்டும் எழுத வேண்டும். இவ்வுழைப்பைக் குறைக்கப் பிறந்ததே ‘கேம் எஞ்சின்’. அது இரும்பாலான இயந்திரமன்று. காட்சியைத் திரையில் வரைதல் முதலிய பொதுப்பணிகளை மட்டும் ஏற்றுக்கொள்ளும் நிரல். கதையையும் படங்களையும் அதனிடம் தனியே கொடுக்க வேண்டும்.

1984-இல் அமெரிக்காவின் சியரா நிறுவனம் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ விளையாட்டை வெளியிட்டது. அதற்கென அமைந்த முறை, பின்னர் வேறு பல கதைகளையும் சுமந்தது. 1987-இல் இங்கிலாந்தின் இன்சென்டிவ் நிறுவனம், ‘ஃப்ரீஸ்கேப்’ என்னும் எஞ்சினைக் கொண்டு ‘டிரில்லர்’ என்ற முப்பரிமாண விளையாட்டைப் படைத்தது. வெறும் 48 கிலோபைட் நினைவகமுள்ள வீட்டுக் கணினியிலும் அது இயங்கிற்று. காட்சி மெல்லத்தான் நகர்ந்தது. ஆயினும் அதே எஞ்சின் அடுத்த ஆண்டே ‘டார்க் சைட்’, ‘டோட்டல் எக்லிப்ஸ்’ ஆகியவற்றுக்கும் பயன்பட்டது. 1991-இல், தாமே முப்பரிமாண உலகங்களை அமைக்க விரும்புவோருக்கென அதனை அடிப்படையாகக் கொண்ட கருவியொன்றும் விற்பனைக்கு வந்தது.

பெரிய திருப்பம் 1993-இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ விளையாட்டை வெளியிட்டது. அதன் எஞ்சினை எழுதிய ஜான் கார்மாக்குக்கு அப்போது வயது 23. எந்தச் சுவர் முன்னே, எது பின்னே என்று ஒவ்வொரு கணமும் புதிதாய்க் கணக்கிட்டால் அக்காலக் கணினி திணறும். ஆகவே இடம் முழுவதையும் முன்கூட்டியே இரண்டிரண்டாகப் பகுத்து, மரக்கிளைபோல் அடுக்கி வைத்தார். இது அவர் கண்டுபிடித்த முறையன்று. 1980-இலேயே ஆராய்ச்சியாளர் மூவர் கட்டுரையாக வெளியிட்டது. ஏட்டில் கிடந்த கணிதம் இளைஞர் ஒருவர் கையில் உயிர்பெற்றது!

டூமின் படங்களும் வரைபடங்களும் தனிக் கோப்பில் இருந்தமையால், ஆடுவோரே புதிய அரங்குகளை அமைக்கத் தொடங்கினர். 1994-இல் ரேவன் நிறுவனம் உரிமம் பெற்று, அதே எஞ்சின்மீது ‘ஹெரெட்டிக்’ என்னும் விளையாட்டைக் கட்டியது. ஐடி நிறுவனம் 1996-இல் தந்த ‘குவேக்’ எஞ்சினைத் திருத்தியே வால்வ் நிறுவனத்தின் ‘ஹாஃப்-லைஃப்’ 1998-இல் உருவாயிற்று. 1997 டிசம்பரில் டூமின் மூலநிரலே வெளியிடப்பட்டது. பூட்டிக் கிடந்த வித்தை கற்போர் கைக்கு வந்தது.

இத்தகைய கருவி செல்வ நாடுகளில்தான் பிறக்க வேண்டுமா? அன்று. அர்ஜென்டினாவில் உருவான ‘கோடாட்’ எஞ்சின் 2014-இல் மூலநிரலோடு இலவசமாக வெளிவந்தது. இணைய வசதியுள்ள கணினியிருந்தால் நம் மாணவரும் அதனைப் பெறலாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கிடைத்த மேடையில் ஆடிவிட்டு இறங்குவோர் பலர். அதன் கால்கள் எவ்வாறு ஊன்றப்பட்டன என்று குனிந்து பார்ப்பவரே நாளை புது மேடை கட்டுவர். உங்களிற் சிலரேனும் குனிந்து பாருங்கள்.