கிரீன்ஸ்டெட்: இருநூறு ஆண்டு இளைத்த ஆலயம்

இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், சிப்பிங் ஓங்கர் என்ற சிற்றூரை ஒட்டி கிரீன்ஸ்டெட் என்ற கிராமம் இருக்கிறது. அங்குள்ள புனித அந்திரேயா ஆலயம் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சாதாரண சேகர ஆலயம். ஐரோப்பாவில் இன்றும் நிற்கும் மரக் கட்டடங்களிலேயே மிகப் பழமையானது இதுதான் என்று சொல்வதுண்டு. ஜப்பானின் ஹோர்யூஜி கோயிலை நினைத்தால் 'உலகிலேயே' என்ற பேச்சு எடுபடாது. ஐரோப்பா அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. நெடுங்காலம் இதன் வயதுக்கு 845ஆம் ஆண்டே கணக்காக இருந்தது. பிறகு மரமே சாட்சி சொல்ல, அந்தக் கணக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முன்னே நகர்ந்தது. ஆலயத்தின் பெருமை குறைந்துவிட்டது என்று வருந்தியவர்கள் உண்டு. என் கருத்து நேர் எதிரானது. வயது குறைந்த பிறகுதான் இந்தச் சுவர்களுக்கு வரலாற்றில் ஒரு வேலை கிடைத்தது.

முதலில் சுவரைப் பார்த்துவிடுவோம். மக்கள் அமரும் கூடத்தின் சுவர்கள் ஓக் மரத் துண்டங்களால் ஆனவை. ஒவ்வொரு மரத்தையும் நெடுக்குவாட்டில் பிளந்து, உருண்ட பக்கம் வெளியேயும் தட்டைப் பக்கம் உள்ளேயும் வருமாறு நெட்டுக்குத்தாக வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். தட்டைப் பக்கத்தை ரம்பத்தால் அறுக்கவில்லை; வாய்ச்சியால் செதுக்கியிருக்கிறார்கள், அந்தச் செதுக்குத் தடம் இன்றும் தெரிகிறது. துண்டங்களின் பக்கவாட்டில் காடி எடுத்து, இடையில் மெல்லிய ஓக் சட்டத்தைச் செருகி, காற்றும் மழையும் புகாமல் அடைத்திருக்கிறார்கள். ஆதியில் சன்னல் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இருட்டுக் கூடம்; விளக்கொளியில்தான் வழிபாடு நடந்திருக்க வேண்டும்.

வயதுக் கணக்கை மாற்றியது மரவளையக் கணிப்பு. 1990களில் நடந்த ஆய்வில், இத்துண்டங்களில் எஞ்சியிருக்கும் கடைசி வளையம் 1053ஆம் ஆண்டுக்குரியது என்று தெரிந்தது. அதற்கு வெளியே இருந்த வெளிறு போய்விட்டதால், குறைந்தது 10 ஆண்டு, மிஞ்சினால் 55 ஆண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக, மரம் வெட்டப்பட்டது 1063க்கும் 1108க்கும் இடையில். இதற்கு ஒரு மறுப்பு எழும்: வெளிறு இல்லாத மரத்தை வைத்துச் சொல்வது ஊகம்தானே? ஊகம்தான். ஆனால் அது மேல் எல்லையைப் பற்றிய ஊகமே தவிர, கீழ் எல்லையைப் பற்றியதல்ல. 1053இல் வளர்ந்துகொண்டிருந்த மரத்தை 845இல் வெட்டியிருக்க முடியாது. மரத்தை வெட்டிப் பல ஆண்டு உலரப் போட்டிருக்கலாமே என்றும் கேட்கலாம். அக்காலத் தச்சர்கள் ஓக்கைப் பச்சையாக இருக்கும்போதே இழைத்தார்கள். காய்ந்து வைரம் இறுகிவிட்டால் வாய்ச்சி ஏறாது. போட்டுவைத்திருந்தார்கள் என்றே கொண்டாலும், கட்டடத்தின் வயது இன்னும் குறையுமே தவிரக் கூடாது.

இந்தக் கணக்கில் அடிபடுவது ஒரு புகழ்பெற்ற மரபுக் கதை. கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் எட்மண்டை டேனியர்கள் 869இல் கொன்றார்கள். அவர் உடலை 1010இல் பாதுகாப்புக்காக லண்டனுக்குக் கொண்டுபோய், 1013இல் திரும்பக் கொண்டுவந்தபோது, வழியில் இந்த ஆலயத்தில் ஓர் இரவு வைத்தார்கள் என்பது கதை. உடல் ஓங்கர் பக்கமாக வந்திருக்கலாம். அதை மறுக்கக் காரணமில்லை. இந்தச் சுவர்களுக்குள் தங்கியிருக்க முடியாது, அவ்வளவுதான். 1960இல் பலிபீடப் பகுதியின் தரைக்கடியில் தோண்டியபோது, இதற்கு முந்தைய இரண்டு மரக் கட்டடங்களின் தடயம் கிடைத்தது. அவற்றை 6, 7ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை என்று மதிப்பிட்டார்கள். இடம் பழையது என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் இடத்தின் வயதைக் கட்டடத்தின் வயதாக்குவது, நம் ஊர்த் தலபுராணங்களிலும் நாம் அடிக்கடி காணும் பழக்கம்.

சரி, புதிய காலம் நமக்கு என்ன தருகிறது? 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றார்கள். அதன்பின் ஊர் ஊராகக் கல்லால் ஆலயங்கள் எழுந்தன. மரத்தை விட்டுக் கல்லுக்கு நாடே ஒரே மூச்சில் மாறியது போன்ற சித்திரம் நம் மனத்தில் இருக்கிறது. கிரீன்ஸ்டெட்டின் மரம் அந்தப் படையெடுப்பின் வாசலிலோ அதற்குப் பிறகோ வெட்டப்பட்டது. 845 என்றால் இது மறைந்துபோன உலகத்தின் எச்சம். 1063 முதல் 1108 வரை என்றால், ஆட்சி கைமாறிய தலைமுறையிலும் பழைய தச்சர்களின் கை ஓயவில்லை என்பதற்குச் சாட்சி. எசெக்ஸில் நல்ல கட்டடக் கல் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே மாவட்டத்தில், 7ஆம் நூற்றாண்டில் பிராட்வெல்லில் பேதுருவின் பெயரால் எழுந்த கல் ஆலயம்கூட, ரோமானியர் விட்டுச்சென்ற கோட்டைக் கல்லைப் பெயர்த்துக் கட்டியதே.

ஒரே ஒரு கட்டடத்தை வைத்து இவ்வளவு சொல்லலாமா? நியாயமான கேள்வி. நிற்கும் கட்டடம் ஒன்றுதான். ஆனால் யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி போன்ற இடங்களில், கல் ஆலயத்துக்குக் கீழே மர ஆலயத்தின் கம்பக் குழிகளை அகழாய்வு காட்டியிருக்கிறது. அங்கெல்லாம் மிஞ்சியது குழி மட்டும். இங்கே குழிக்கு மேலே என்ன நின்றிருக்கும் என்பதைக் கண்ணால் பார்க்கிறோம்.

இன்னொரு மறுப்புதான் உண்மையில் கடினமானது: பழையதாக இங்கே எவ்வளவு மிச்சம்? 1500 வாக்கில் பலிபீடப் பகுதியைச் செங்கல்லால் மாற்றிக் கட்டினார்கள். டியூடர் காலத்தில் கூரையில் சன்னல்கள் வைத்தார்கள். 1848இல் தொடங்கிய திருப்பணியில் கூரையைப் புதுப்பித்து, துண்டங்களின் உளுத்துப்போன அடிப்பகுதியை வெட்டியெறிந்து, மிச்சத்தைச் செங்கல் மேடை மேல் நிறுத்தினார்கள். அதனால் இன்று காணும் சுவர் முதலில் இருந்ததைவிடக் குட்டையானது. அடிப்பகுதி மண்ணோடு எப்படிப் பொருந்தியிருந்தது என்ற தச்சு நுட்பத்தின் சான்றும் பெருமளவு போயிற்று. விக்டோரியா காலத்தாரை இதற்காகத் திட்டுவது எளிது. அடியை வெட்டாமல் விட்டிருந்தால் மேலும் உளுத்து முழுச் சுவரும் சாய்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பழுதுபார்க்க ஆள் இருந்ததற்குக் காரணம், இது காட்சிப்பொருளாக இல்லாமல் ஊராரின் ஆலயமாகவே இருந்ததுதான். எட்டாம் ஹென்றி 1534இல் போப்பிடமிருந்து விலகியபோது வழிபாடு மாறியது, சுவர் மாறவில்லை. தொழிற்சங்கம் அமைத்ததற்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டு மன்னிப்புப் பெற்றுத் திரும்பிய டால்புடில் தொழிலாளர்களில் சிலர் கிரீன்ஸ்டெட் பகுதியில் குடியேறினார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பிரைன், தன்னோடு தண்டனை பெற்ற தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839இல் மணந்தது இந்த ஆலயத்தில்தான். அந்தத் திருமணம் நடந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் சுவர்களின் அடி வெட்டப்பட்டது.