விட்டுக்கொடுக்க அவர்கள் யார்?

1972 செப்டம்பர் 29 அன்று பெய்ஜிங்கில் சீனப் பிரதமர் சௌ என்லாயும் ஜப்பானியப் பிரதமர் தனாகா காகுவேயும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். இரு நாட்டு மக்களின் நட்பைக் கருதி, ஜப்பானிடம் போர் இழப்பீடு கோருவதைச் சீன அரசு கைவிடுவதாக அதன் ஐந்தாவது பிரிவு அறிவித்தது. இதைப் பெருந்தன்மை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம் ஷான்சி மாகாணத்தின் யூ மாவட்டத்துப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஜப்பானிய ராணுவம் தன் படையினருக்காகப் பெண்களை அடைத்துவைத்த இடங்களை ‘ஆறுதல் நிலையம்’ என்றது. 1932இல் ஷாங்காயில் தொடங்கிய இந்த ஏற்பாடு, போர் பரவிய இடமெல்லாம் பரவியது. இழவு வீட்டில் நாம் சொல்லும் ஒரு சொல்லை, பாலியல் அடிமைமுறைக்குப் பெயராக வைத்தார்கள். இதில் சிக்கிய சீனப் பெண்கள் மட்டும் சுமார் 2 லட்சம் பேர் என்பது ஷாங்காய் வரலாற்றாசிரியர் சூ ஜிலியாங்கின் கணிப்பு.

நகரங்களில் இருந்ததுபோல யூ மாவட்டத்தில் அறிவிப்புப் பலகையோ கட்டண விதிகளோ இல்லை. குன்றுகளில் காவல் அரண்கள் இருந்தன. அவற்றின் அருகே, மண்மலையைக் குடைந்து கட்டிய குகை வீடுகளில், கிராமங்களிலிருந்து இழுத்துவரப்பட்ட பெண்களைப் பூட்டிவைத்தார்கள். ஆட்டையும் நிலத்தையும் விற்று, பிணைப்பணம் கட்டி மகளை மீட்ட குடும்பங்கள் உண்டு. எந்தப் பதிவேட்டிலும் இந்தப் பெண்களின் பெயர் ஏறவில்லை. அவர்கள் உடம்பைத் தவிர அவர்களுக்கு வேறு ஆதாரம் கிடையாது.

அவர்களில் ஒருவர் வான் ஐஹுவா. மருமகளாக்குவதற்காகச் சிறுவயதிலேயே விற்கப்பட்டவர். ஜப்பானியருக்கு எதிரான போராட்டத்தில் பதின்வயதிலேயே சேர்ந்தார். 1943இல் பிடிபட்டார், தப்பினார், மறுபடி பிடிபட்டார். மொத்தம் மூன்று முறை. சித்திரவதையில் எலும்புகள் முறிந்து, அவரது உயரமே குறைந்துபோனது. பிள்ளை பெற முடியாமல் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார். 1992 டிசம்பரில் டோக்கியோவில் மேடையேறி, தன் சொந்தப் பெயரில் சாட்சியம் சொன்னார். ‘ஆறுதல் பெண்’ என்ற பெயரைக் கடைசிவரை அவர் ஏற்கவில்லை.

போர் முடிந்ததும் இந்தப் பெண்களுக்கு ஊர் என்ன தந்தது? கறைபட்டவள் என்ற பேச்சைத் தந்தது. கலாச்சாரப் புரட்சிக் காலத்தில், ஜப்பானியரோடு இருந்தவள் என்ற குற்றச்சாட்டில் அவமானப்படுத்தப்பட்டவர்களும் தண்டிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்தப் புரட்சி 1966இல் தொடங்கி 1976வரை நீடித்தது. கூட்டறிக்கை கையெழுத்தானது அதன் நடுவில். ஜப்பானோடு அரசு கைகுலுக்கினால் அது நட்பு. ஜப்பானியப் படை தூக்கிச் சென்ற பெண்ணுக்கு அது துரோகம்.

1995 முதல் ஷான்சிப் பெண்கள் டோக்கியோ நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 2001இல் ஹைனான் தீவின் லி, மியாவ் இனப் பெண்களும் அங்கே போனார்கள். வாதாடியவர்கள் ஜப்பானிய வழக்கறிஞர்கள். துணை நின்றவர்கள் ஜப்பானியக் குடிமக்கள். 2003இல் வான் ஐஹுவாவின் வழக்கைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், கொடுமைகள் நடந்ததை ஏற்றுக்கொண்டது. சட்டம் இயற்றியோ நிர்வாக வழியிலோ தீர்வு காணலாம் என்றும் சொன்னது. வேறிரு ஷான்சிப் பெண்களின் வழக்கில் 2007 ஏப்ரல் 27 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1972 கூட்டறிக்கையின்படி, சீனத் தனிநபர்களுக்கும் வழக்குத் தொடுத்து இழப்பீடு கோரும் உரிமை இல்லை என்றது.

இந்த விளக்கம் சட்டவிரோதமானது, செல்லாது என்று சீன வெளியுறவு அமைச்சகம் கண்டித்தது. கண்டனம் சரிதான். ஆனால் அந்த வாசகத்தை எழுதியபோது இந்தப் பெண்களின் உரிமை தனியானது என்று ஒரு வரி சேர்க்க எந்தத் தரப்புக்கும் தோன்றவில்லை. சமாதானம் பேசும் மேசையில் பெண்களின் காயம் இழந்த நிலத்தைப் போல, எரிந்த ஆலையைப் போல, நாட்டின் கணக்கில் சேர்கிறது. பிறகு நாடே அந்தக் கணக்கை முடித்துவைக்கிறது. காயப்பட்டவள் உயிரோடு இருக்கிறாள் என்பது யாருக்கும் தடையாக இல்லை.

தோற்ற வழக்குகளால் என்ன பயன் என்று தோழிகள் கேட்பார்கள். வான் ஐஹுவா 2013இல் இறந்தபோது கையில் மன்னிப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை. ஆனால் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத அந்தக் குகை வீடுகள் இன்று ஜப்பானிய நீதிமன்ற ஆவணங்களில் இருக்கின்றன. யார், எங்கே, எந்த ஆண்டில் அடைக்கப்பட்டார் என்று நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்பவர்கள் இனி அந்தப் பக்கங்களைத் தாண்டித்தான் பேச வேண்டும். அவற்றை எழுதவைத்தது அந்த மூதாட்டிகள்தான்.