ஜட்சனின் தாயகப் பயணம்

அயல்நாடுகளில் மறைப்பணி ஆற்றச் சென்றோர் சில ஆண்டுகளுக்கொரு முறை தாயகம் திரும்பித் தம்மைத் தாங்கும் சபைகளைக் கண்டு வருதல் நெடுநாள் வழக்கம். சென்றவர் தாம் கண்டதையும் பட்டதையும் எடுத்துரைப்பர். கேட்போர் உளம் உருகிக் காணிக்கை தருவர். இவ்வழக்கத்திற்கு அடங்காத பயணம் ஒன்று 1845ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பர்மிய மொழிக்கு விவிலியம் தந்த அதோனிராம் ஜட்சனின் தாயகப் பயணமே அது. மொழியையே வாழ்வாகக் கொண்டோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி அதனுள் உண்டு.

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1788இல் பிறந்த ஜட்சன், 1812 பிப்ரவரியில் மனைவி ஆன் அம்மையாருடன் கப்பலேறினார். அவரை அனுப்பியது காங்கிரிகேஷனல் சபையார் முதன்மையாக நடத்திய சங்கம். கல்கத்தாவை அடைந்ததும் அவர் பாப்டிஸ்ட் கொள்கையைத் தழுவினார். அதனால் அனுப்பியவர்களின் ஆதரவு அற்றுப்போயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியோ அவரை நாட்டை விட்டு வெளியேறப் பணித்தது. அலைந்து திரிந்து 1813 ஜூனில் சென்னைக்கு வந்த அவர், அங்குக் கிடைத்த கப்பலில் ஏறி ஜூலையில் இரங்கூன் சேர்ந்தார். மறு ஆண்டு அமெரிக்கப் பாப்டிஸ்ட் சபைகள் பிலடெல்பியாவில் ஒன்றுகூடிப் பொதுச் சங்கம் ஒன்றை நிறுவி அவரை ஏற்றுக்கொண்டன. அச்சபைகளின் உறுப்பினராக அவர் அமெரிக்க மண்ணில் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. காணாமலே தாங்கினர் அவர்கள். காணாமலே தாங்கப்பெற்றார் இவர்.

அதன்பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. ஆங்கில - பர்மியப் போர்க்காலத்தில் 1824 முதல் ஆவா நகரச் சிறையில் விலங்கு பூண்டு கிடந்தார். மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் படி தலையணைக்குள் மறைத்துக் காக்கப்பட்டது. 1826இல் ஆன் அம்மையார் மறைந்தார். 1834இல் விவிலிய மொழிபெயர்ப்பு நிறைவெய்தியது. அதனைத் திருத்தும் பணி 1840 வரை நீண்டது. அதற்குமேல் அகராதிப் பணியில் ஈடுபட்டார். முப்பத்து மூன்று ஆண்டுகள் அவர் தாயகத்தை நாடவில்லை.

இரண்டாம் மனைவி சாராள் அம்மையாரின் கடும் நோயே அவரை 1845 ஏப்ரலில் மௌல்மீன் துறைமுகத்திலிருந்து கப்பலேறச் செய்தது. 'மோட்சப் பயணம்' நூலைப் பர்மிய மொழியில் பெயர்த்தவர் அவ்வம்மையார். மூத்த குழந்தைகள் மூவர் உடன் சென்றனர்; இளையவர் மூவர் பர்மாவிலேயே விடப்பட்டனர். அகராதிப் பணி தடைப்படலாகாது என்று பர்மிய உதவியாளர் இருவரையும் ஜட்சன் உடனழைத்துச் சென்றார்.

மொரீசியசுத் தீவில் அம்மையாரின் உடல் சற்றே தேறியது. அவர் மட்டும் அமெரிக்கா செல்வது, ஜட்சன் பணிக்குத் திரும்புவது என முடிவாயிற்று. உதவியாளர் இருவரும் திருப்பி அனுப்பப்பட்டனர். கணவரைப் பிரியும் துயரைக் கவிதையாக எழுதி வைத்தார் சாராள். ஆனால் நோய் மீண்டும் முற்றியதால் ஜட்சன் உடன் செல்ல நேர்ந்தது. செப்டம்பர் 1ஆம் நாள் செயின்ட் எலினா தீவுத் துறைமுகத்தில் அம்மையார் உயிர் நீத்தார். அன்றே அவரை அத்தீவில் அடக்கம் செய்துவிட்டுத் தாயற்ற குழந்தைகள் மூவருடன் ஜட்சன் பயணத்தைத் தொடர்ந்தார். பர்மாவில் விட்டுவந்த பிள்ளைகளுள் ஒருவன் அதற்கு முந்திய மாதமே இறந்திருந்தான். அச்செய்தி தந்தைக்கு எட்டப் பல மாதங்கள் ஆயின.

அக்டோபரில் பாஸ்டன் நகரம் அவரைப் பெருங்கூட்டமாகத் திரண்டு வரவேற்றது. ஆனால் வந்தவரிடம் குரல் இல்லை. தொண்டை நோயால் மெல்லிய முணுமுணுப்பே எழுந்தது. அருகில் நின்ற வேறொருவர் அதனைக் கேட்டு உரத்த குரலில் அவைக்கு எடுத்துரைத்தார். பர்மிய மக்களுக்காக நூற்களை மொழிபெயர்த்தவரின் சொற்களைத் தாயகத்தில் மற்றொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

குரலிழப்பினும் ஆழமான இழப்பு ஒன்றும் இருந்தது. பயணத்திற்கு முன்பே அவர் சங்கச் செயலாளருக்குக் கடிதம் எழுதியிருந்தார். தம்மை மேடைகளில் பேசச் சொல்ல வேண்டா என்பது அதில் கண்ட வேண்டுகோள். பர்மிய மொழியில் எண்ணியும் பேசியும் பழகிய நாவுக்கு ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களைக் கோப்பதும் அரிதாயிற்று என்று அதில் மனம் திறந்து கூறியிருந்தார். பிறமொழி ஒன்றைத் தன்வயப்படுத்த முயன்றவரை அம்மொழியே தன்வயப்படுத்திக்கொண்டது எனலாம்.

அவரைத் தாங்கிய சபைகளும் பழைய நிலையில் இல்லை. அடிமை முறை குறித்த பூசலால் தென்மாநிலப் பாப்டிஸ்டுகள் அவ்வாண்டு மே மாதத்தில்தான் பிரிந்து தனிச் சங்கம் கண்டிருந்தனர். நவம்பரில் நியூயார்க்கில் கூடிய பேரவையில், பணமுடை காரணமாக அரக்கான் பணித்தளத்தைக் கைவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. பேசக் கூடாது என மருத்துவர் தடுத்திருந்தும் ஜட்சன் எழுந்து மறுப்புரைத்தார். அரக்கானைக் கைவிடுவதாயின், பிற திட்டங்களைத் துறந்து தாமே அங்குச் செல்வதாகக் கூறினார்.

கேட்போர் விரும்பியதோ வேறு. சிறைக்கதையையும் தப்பிய கதையையும் கேட்கவே மக்கள் திரண்டனர். அவர் தம் துன்பத்தைப் பேசாமல் இயேசுவின் அன்பையே பேசி அமர்ந்தார். ஒரு சபையார் மனக்குறை அடைந்ததை அவரிடம் கூறியபோது, தமக்குத் தெரிந்தவற்றுள் உளத்தை மிக உருக்கும் கதையைத்தானே சொன்னேன் என்று அவர் விடையிறுத்தாராம். தம் புண்ணைக் காட்டிப் பொருள் திரட்ட அவர் உடன்படவில்லை.

எனினும் கதையின் தேவையை அவர் உணராதவர் அல்லர். சாராள் அம்மையாரின் வரலாற்றை எழுதத்தக்க ஒருவரைத் தேடினார். பாஸ்டனிலிருந்து பிலடெல்பியா செல்லும் வழியில் 'பேனி பாரெஸ்டர்' என்னும் புனைபெயரில் எழுதிய எமிலி சபக் அம்மையாரின் நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. அத்தேடல் 1846 ஜூனில் திருமணமாக முடிந்தது. எழுத்துலகம் அவள் திறன் வீணாகிறதே என வருந்தியது. சமய உலகம் கதை எழுதும் பெண் இப்பணிக்குத் தகுமோ என ஐயுற்றது. எமிலி எழுதிய சாராளின் வரலாறு 1848இல் வெளிவந்தது.

1846 ஜூலையில் ஜட்சன் மீண்டும் கப்பலேறினார். உடன்வந்த மூன்று குழந்தைகளையும் கல்வியின் பொருட்டுத் தாயகத்தில் விட்டுச் சென்றார். அவர்களை அவர் மறுபடி காணவில்லை. 1849இல் ஆங்கில - பர்மிய அகராதி நிறைவுற்றது. 1850 ஏப்ரல் 12இல், உடல்நலம் நாடிச் சென்ற கடற்பயணத்தில் உயிர் பிரிந்தது. கடலே கல்லறையாயிற்று.

அவர் பெயர்த்த விவிலியம் இன்றும் மியன்மர்க் கிறித்தவர் நாவில் வழங்குகிறது. சமய நோக்கில் அவரை ஏற்போர் உண்டு, மறுப்போரும் உண்டு. ஆனால் ஒரு மொழிக்குத் தன்னை முழுதும் தருபவன் எதனைத் திரும்பப் பெறுகிறான், எதனை இழக்கிறான் என்ற வினா சமய எல்லைக்குள் அடங்குவதன்று. பிறமொழி மக்கள் வழிவழியாய் ஓதும் சொற்களை ஆக்கித் தந்த ஒருவர், தம் தாய்மொழி மன்றத்தில் மூன்று வாக்கியங்களுக்குத் தயங்கி நின்றார். அத்தயக்கமே அவர் செலுத்திய விலை. அவ்விலை அறிந்தே மொழிபெயர்ப்பாளரின் உழைப்பை மதித்தல் வேண்டும்.