தார், கொடி, கழுக்கடை

புலியும் கயலும் வில்லும் மூவேந்தர் பொறிகளென்பதைச் சிறுவரும் அறிவர். பொறியென்பது ஒற்றப்பட்ட அடையாளம். இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையிலே புலியோடு கயலும் வில்லும் ஒரே குடைக்கீழ் உள்ளன. வென்றவன் தோற்றவர் குறிகளையுந் தனதாக்கிக்கொண்டான்.

'தார்' என்றாலோ இன்று நமக்கு வீதிக்கு இடும் கருங்குழம்பே நினைவில் வரும்! பண்டு அது வேந்தனின் அடையாள மாலை. சேரர்க்குப் போந்தை, பாண்டியர்க்கு வேம்பு, சோழர்க்கு ஆர் எனத் தொல்காப்பியம் கூறும். ஆர் என்பது ஆத்தி. போந்தையோ நம் வேலியோரத்துப் பனையே. கைகலந்த போரில் தம்மவர் இவரென அறிதற்குப் படைவீரரும் அவற்றைச் சூடினர்.

அரசர்க்குரிய இவ்வுறுப்புக்களை இறைவனுக்கு உரிமையாக்கி மணிவாசகர் பாடியதே திருத்தசாங்கம். பெயர், நாடு முதலாகக் கொடி ஈறாகப் பத்து. அங்கே தார் தாளியறுகு, கொடி ஏறு, படையோ கழுக்கடை. மூவிலைச் சூலமே கழுக்கடை. மன்றங்களில் நாம் திருவாசகம் ஓதும்போது இச்சொல்லுக்குப் பொருள் வினவுவார் இலர். ஆசிரியர்களேனும் நிறுத்திச் சொல்லுதல் வேண்டும்.

அதே ஏற்றை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தம் காசுகளிற் பொறித்து, அதன்கீழ் 'சேது' என்றும் எழுதுவித்தனர். அவர்தம் அரசு 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. காசுகளில் நந்தி இன்னும் படுத்திருக்கின்றது.